பதிமூன்றில் விழுந்த நிழல்

தடதடதடவென்று ஓர் எவர்சில்வர் மலை சரிந்தது.

தி.நகரில் ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை. மணிமொழியின் துப்பறியும் ஆபீஸுக்கு ஏறும் மாடிப்படிக்குக் கீழே இருந்த பாத்திரக்கடையின் வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த குண்டான்களும் மூடிகளும் நடைபாதை முழுக்க உருண்டன. கடைக்காரர் கனகராஜ் திருநெல்வேலிக் குரலில் யாரையோ ஏழு தலைமுறைக்கும் சேர்த்து விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசி மூடி சுழன்று அடங்குவதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கேஸ் வருதுக்கா" என்றான் பிரபு, மேஜை மேல் இருந்த காலை எடுக்காமலே.

"எப்படிச் சொல்றே?" மணிமொழி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சும்மா வர்றவன் பாத்திரத்தைப் பார்த்து ஒதுங்கி வருவான். கண்ணுல தண்ணி நிக்கறவங்கதான் இட்ச்சிக்கினு வருவாங்க."

கதவு திறந்தது. இருபத்தேழு வயது இருக்கும் பெண். கழுத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத ஆபீஸ் அடையாள அட்டை. தாரணி, தரமணி என்றது அட்டை. வலது கையில் ஒரு பாத்திர மூடியைப் பிடித்திருந்தாள். அது கையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பிரபு சொன்னது பாதிதான் சரி. தண்ணீர் கண்ணில் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

"மணிமொழி மேடம்?"

"நான்தான். உட்காரும்மா. மூடியைக் கீழே வை."

அவள் மூடியைப் பார்த்து அதிர்ந்து மேஜை மேல் வைத்தாள். பிரபு காலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நகர்த்தினான்.

"என் அண்ணனைக் கண்டுபிடிக்கணும் மேடம். பேரு செந்தில்குமார். கப்பல்ல மோட்டார்மேன். இன்ஜின் ரூம் வேலை."

"காணாமப் போயிட்டாரா?"

"அதான் தெரியல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா போனுக்கு அவன் நம்பர்ல இருந்து படம் வருது. ஆனா நாலு மாசமா ஒரு போன் கூட எடுக்கல. எனக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. தேதியை அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு. பதில் வரல." தாரணி உதட்டைக் கடித்தாள். "என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல. தேதியைப் பார்த்தா கப்பலையே திருப்பிக்கிட்டு வருவான்."

"ஏஜென்ட் ஆபீஸ்ல கேட்டியா?"

"ரெண்டு தடவை. 'குடும்பத்துக்குத் தகவல் சொல்லியாச்சு'னு வச்சுட்டாங்க. அப்பாவைக் கேட்டா, காண்ட்ராக்டை நீட்டிச்சிருக்காங்க, அதான் தகவல்ங்கறார். அம்மாவுக்கு மார்ச்ல நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அம்மா முன்னாடி இதைப் பேசவே முடியாது. அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

மணிமொழி கையை நீட்டினாள். "படங்களைக் காட்டு."

பத்து வருடம் கப்பல் சரக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தவள் மணிமொழி. ஐம்பது வயதில் வேலையை விட்டு இந்த மாடிக்கு வந்தபோது கூட வந்தது ஒரு பூதக்கண்ணாடி. அதற்கப்புறம் வந்தவன் பிரபு, தன் ஆட்டோவோடு.

அம்மாவுக்கு வந்த படங்களைத் தாரணி வந்த நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தன் போனில் வரிசையாக வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே பொருள். உள்ளங்கை அளவு பித்தளைப் பெட்டி. மூடி திறந்திருக்கும். உள்ளே ஒரு காம்பஸ். அதற்கு மேல் மணி எண்கள் பொறித்த ஒரு வளையம், நடுவில் ஊசி. ஊசியின் நிழல் வளையத்தில் விழுந்திருக்கும்.

"இன்னாக்கா இது, பவுடர் டப்பாவா?"

"சூரியக் கடிகாரம். ஊர் ஊரா எடுத்துக்கிட்டுப் போறது."

"அண்ணன் முதல் கப்பல்ல போனப்போ ஹாம்பர்க் சந்தையில வாங்கினான்" என்றாள் தாரணி. "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு டெக்ல ஏறி, இதை வெயில்ல வச்சு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவான். அம்மாவும் அவனும் ஏதோ நம்பர் சொல்லிக்குவாங்க. நான் கண்டுக்கிட்டதில்ல."

மணிமொழி மேஜை மேல் கிடந்த பாத்திர மூடியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள்.

"இதுதான் அந்த வளையம்னு வச்சுக்கோ. ஊசியோட நிழல் மணி காட்டும். ஆனா மயிலாப்பூர்ல சரியா மணி காட்டற சாய்மானம் ராட்டர்டாம்ல காட்டாது. வடக்கே போகப் போக மூடியைப் படுக்க வைக்கணும். தெற்கே வர வர நிமிர்த்தணும். எவ்வளவுன்னு யோசிக்க வேண்டாம். பெட்டியோட ஓரத்துல கால் வட்டமா ஒரு வில் இருக்கு பாரு, அதுல நம்பர் போட்டிருக்கு. எந்த ஊரோ அந்த ஊரோட அட்சக்கோட்டு நம்பர்ல வளையத்தை நிறுத்தினா போதும்."

"ஊருக்கு ஊர் சாயற கடிகாரம்" என்றான் பிரபு. "எங்க மச்சான் மாதிரி. மாமியார் ஊட்ல ஒரு சாய்ப்பு, சொந்த ஊட்ல ஒரு சாய்ப்பு."

மணிமொழி பூதக்கண்ணாடியைப் போன் மேல் வைத்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். உதடு எண்ணிக்கொண்டே போனது.

"மார்ச் வரைக்கும் வந்த படங்களைப் பாரு. சிங்கப்பூர்னு எழுதியிருக்கு, வில்லுல நம்பர் ஒண்ணு. சூயஸ், முப்பது. மார்ச் முதல் ஞாயிறு ராட்டர்டாம், ஐம்பத்திரண்டு. எல்லாம் சரி. ஏப்ரல்ல இருந்து பதினேழு படம். சிங்கப்பூர்னு எழுதியிருக்கு, ராட்டர்டாம்னு எழுதியிருக்கு, டர்பன்னு கூட எழுதியிருக்கு. நம்பர் மட்டும் மாறவே இல்ல. பதினேழும் பதிமூணு."

"பதிமூணு எந்த ஊரு?" என்றான் பிரபு.

மணிமொழி விரலால் மேஜையைத் தட்டினாள். "இந்த ஊரு."

பிரபு நாற்காலியை அருகே இழுத்தான்.

"இன்னொண்ணு. நிழல் மூணு மணி காட்டுது. மெசேஜ் வந்த நேரம் மூணேகால். ராட்டர்டாம்ல வெயில் மூணு மணிக்கு வந்தா நமக்கு இங்கே சாயங்காலம் விளக்கு வச்சிருப்போம். பழைய ராட்டர்டாம் படமெல்லாம் அப்படித்தான் ராத்திரி வேளையில வந்திருக்கு. இந்தப் பதினேழும் சுடச்சுட வந்திருக்கு."

தாரணி எழுந்துவிட்டாள். கன்னத்தில் ஈரம் காயாமலே முகம் மலர்ந்தது.

"அப்ப அண்ணன் மெட்ராஸ்லயே இருக்கானா? கப்பல்ல ஏதோ பிரச்சனை, வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு... அதானே மேடம்?"

மணிமொழி அவள் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். "பிரபு, பின்னாடி கொஞ்சம் நீலமா தெரியுது. தண்ணி. கீழே சிமென்ட் தரை. ஓரத்துல சிவப்பு பெயின்ட் வளைஞ்சு போகுது. எந்த இடம்?"

"கப்பல் பெயின்ட்னு நினைச்சேன்" என்றாள் தாரணி.

பிரபு போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். முகத்தில் ஒரு சின்ன வெட்கம் வந்தது.

"கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல சிஸ்டர். அது ஹார்ட்டோட பாதி. மீதிப் பாதி உள்ள 'யாசிர் ரத்னா'ன்னு எழுதியிருப்பான். அடையாறு ஆறு கடல்ல சேர்ற எடத்துல, உடைஞ்ச பாலம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குப் பக்கத்துல என்னுதும் ஒண்ணு கீதுக்கா. அந்தப் பொண்ணு இப்போ கே.கே. நகர்ல ரெண்டு கொயந்தைங்களோட செட்டிலாயிடுச்சு. அத்த வுடு."

மணி ஒன்று பத்து. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"முதல்ல உங்க வீடு" என்றாள் மணிமொழி. "அம்மாவைப் பார்க்கணும். அப்புறம் பாலம்."

தாரணி மூடியைக் கனகராஜிடம் திருப்பிக் கொடுக்கக் கீழே ஓடினாள். படியிறங்கும்போது பிரபு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஆளு உசுரோட கீறான்தானே?"

"படியைப் பார்த்து இறங்கு பிரபு."

◆

கோட்டூர்புரத்தில் வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. ஆற்றோரத்தில் இவர்களோடு இருந்த பாதிப் பேரை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாரணியின் குடும்பத்துக்கு எப்படியோ இங்கேயே வீடு கிடைத்திருந்தது. கதவு சாத்தி, உள்ளே சங்கிலி போட்டிருந்தது.

தேவானை சங்கிலியை எடுத்துக் கதவைத் திறந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். ரவிக்கைக்கு மேலே ஆபரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது.

"ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்மா" என்றாள் தாரணி.

தேவானை மணிமொழியின் நரைத்த வகிட்டைப் பார்த்தாள். "ஃப்ரெண்டுக்கு என் வயசு கீதே."

"மேனேஜரும்மா" என்றான் பிரபு. "நான் அவங்களுக்குக் கீழ. ரொம்பக் கீழ."

தேவானை சிரித்துவிட்டு மோர் எடுக்கப் போனாள். மணிமொழி கையிலிருந்த குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் நடைபாதையில் வாங்கிய உலக வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. ஊர்களின் மேல் எந்த அடையாளமும் இல்லை. இடது ஓரத்தில், குறுக்குக் கோடுகளின் எண்கள் இருக்கும் இடத்தில் மட்டும் மேலும் கீழுமாகப் பென்சில் புள்ளிகள். மேலே ஐம்பதைத் தாண்டி ஒரு புள்ளி அழுத்தமாக இருந்தது. கீழே பத்துக்குச் சற்று மேலே பென்சில் இல்லை. அங்கே குங்குமம் வைத்திருந்தது.

"இது என்னம்மா?"

மோர் டம்ளரோடு வந்த தேவானையின் முகம் கனிந்தது. "எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும், பஸ் ஏறி எறங்கினதுல கத்துக்கினது. எம் புள்ள படத்துல ஒரு நம்பர் வைப்பான். நான் அந்தக் கோட்டுல புள்ளி வைப்பேன். எந்த ஊருன்னு தெரியாது. எவ்ளோ தூரம் மேல போய்க்கீறான்னு தெரியும். அது போதாதா?"

"ஊர் பேரு?"

"கீழ எழுதியிருக்கறதை அவரு படிச்சுக் காட்டுவாரு, எங்க ஊட்டுக்காரரு."

"இந்தக் கடைசிப் புள்ளி எப்போ வச்சது?"

தேவானை டம்ளரை நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"அதுக்கப்புறம் படம் வந்திருக்கே?"

"பென்சில் தேஞ்சு போச்சும்மா."

வரைபடத்துக்குப் பக்கத்து ஆணியில் நூலில் தொங்கிய பென்சிலை மணிமொழி பார்த்தாள். சாண் நீளத்துக்கு இருந்தது. அவள் மோரைக் குடித்தாள்.

"அப்பா எங்கேம்மா?" என்றாள் தாரணி.

"கபாலி கோயிலுக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணின்னா கெளம்பிடுவாரே. இன்னிக்கு ஒண்ணரைக்கே போய்ட்டாரு."

வெளியே வந்ததும் பிரபு ஆட்டோவை உதைத்தான். "ரெண்டு மணிக்கு எந்தக் கோயிலுக்கா தொறந்து கீது? சாமியே சாப்ட்டுட்டுப் படுத்திருக்கும்."

"தேவானை அம்மாவுக்கும் அது தெரியும்" என்றாள் மணிமொழி. தாரணி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் சாலையை விட்டு அகலவில்லை. சிவப்பு சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

◆

பெசன்ட் நகரில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, மீனவர் குப்பத்தைக் கடந்து மணலில் நடந்தார்கள். ஆற்றின் மேல் பாதியில் நின்றுபோன பாலம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. உடைந்த முனையில் ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"அண்ணா!"

தாரணி செருப்பை மணலிலேயே விட்டுவிட்டு ஓடினாள். பிரபு அவள் பின்னால் போகப் பார்த்தான். மணிமொழி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்த மனிதர் திரும்பினார். வெள்ளைச் சட்டை, விபூதி, வேர்வை. அறுபதைத் தாண்டிய முகம். எதிரே சிமென்ட் தரையில், சிவப்பு ஹார்ட்டின் ஓரத்தில், பித்தளைப் பெட்டி திறந்து கிடந்தது. ஊசியின் நிழல் மூன்றில் விழுந்திருந்தது. அவர் கையில் செந்தில்குமாரின் போன்.

தாரணியின் ஓட்டம் நடையாகி, நடை நின்றது.

"அப்பா?"

தணிகாசலம் எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணன் எங்கப்பா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் இருந்த கடலைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எங்கே போய் நிற்கிறது என்று தாரணியும் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்த இடத்திலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுது முடிக்கும் வரை பிரபு தன் துண்டை எடுத்து அவள் தலை மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ராட்டர்டாம்ல இருந்து கெளம்பி ரெண்டாம் நாளு" என்றார் தணிகாசலம் கடைசியில். "புயல் காத்து. டெக்ல எதையோ கட்டப் போனானாம். தேடினாங்களாம். உடம்பு கெடைக்கல. உங்கம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள இட்டுக்கினு போன அன்னிக்கு எனக்கு போன் வந்துச்சு. மாசக் கடைசியில அவன் பொட்டியைக் குடுத்தாங்க. நாலு சட்டை, இந்த போனு, இந்த கடிகாரம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ அழுவே. உன் மூஞ்சியைப் பார்த்தே உங்கம்மா புட்ச்சிடுவா. டாக்டரு வெளிய வந்து, ஆறு மாசம் போவட்டும், கெட்ட சேதி எதுவும் காதுல போடாதீங்கன்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவ கேட்ட மொத கேள்வி, செந்திலு படம் அனுப்பிச்சானான்னு."

மணிமொழி அவர் பக்கத்தில் சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். "படத்தை நீங்களே எடுத்து, கீழே நீங்களே எழுதி, வீட்டுக்குப் போய் நீங்களே படிச்சுக் காட்டினீங்க."

"ஆமாம்மா." அவர் அவள் யார் என்று கேட்கக்கூட இல்லை. "கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி துண்ணூறு வச்சிக்கினு, 'இன்னா, புள்ள எதுனா அனுப்பிச்சானா'ன்னு கேட்டுக்கினு போவேன்."

"வளையத்தை ஏன் பதிமூணுல வச்சீங்க? பெட்டி வந்தப்போ எந்த நம்பர்ல இருந்தது?"

"அம்பத்திரெண்டுல." அவர் யோசித்தார். "மொத வாரம் படம் எடுக்கறதுக்கு முன்னாடி அப்படியேதான் வச்சேன். மூணு மணிக்கு மூணே முக்கால் காட்டுச்சு. முப்பத்தோரு வருசம் பஸ் டெர்மினஸ்ல டைம் கீப்பர் நானு. முக்கா மணி நேரம் தப்பு கீற ட்ரிப் ஷீட்டுல ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல. எம் புள்ள பேர்ல போற படத்துல போடுவனா? வளையத்தை நிமித்தி நிமித்திப் பார்த்தேன். பதிமூணுல நிறுத்தினா கரெக்டா காட்டுச்சு. அத்தோட வுட்டுட்டேன். அந்த நம்பரு இன்னான்னுல்லாம் எனக்குத் தெரியாது."

செந்தில்குமாரின் விரல் கடைசியாக வைத்துவிட்டுப் போன எண் ஐம்பத்திரண்டு. அதை நகர்த்தியது சரியான நேரத்தைத் தவிர வேறெதையும் சகிக்காத ஒரு டைம் கீப்பரின் விரல்.

"என் கல்யாணத் தேதி வந்துச்சே இந்த போனுக்கு" என்றாள் தாரணி. "பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்."

"அம்மாவுக்கு எழுதினீங்களே. எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?"

தணிகாசலம் போனைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அவன் இன்னா எழுதியிருப்பான்னு யோசிச்சேம்மா. ரெண்டு நாளு யோசிச்சேன். எனக்கு வரல."

தாரணி நகர்ந்து வந்து அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். அலை ஒன்று பாலத்தின் தூணில் மோதித் திரும்பியது.

"இதோட நிறுத்திடலாம்பா" என்றாள் சற்றுப் பொறுத்து. "அம்மாகிட்ட சொல்லிடலாம். டாக்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டாவது சொல்லணும். பெத்தவங்கப்பா அவங்க. புள்ளைக்கு அழக்கூட விடாம வச்சிருக்கோம்."

"அவ தாங்க மாட்டாடி."

"எத்தனை நாளைக்குப்பா?"

அவர் மணிக்கட்டில் நேரம் பார்த்தார். மூன்று பதினேழு. "இன்னிக்கு மட்டும் அனுப்பிடறேன். எடுத்துட்டேன். அவ பார்த்துக்கினு இருப்பா."

அனுமதி கேட்பவரைப் போல மகளைப் பார்த்தார். தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பினார். ராட்டர்டாம். நல்லா இருக்கேன்மா.

மணிமொழி எழுந்தாள். "முதல்ல நான் மட்டும் மேலே போறேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன். என் குடை அங்கேயே இருக்கு."

"இந்த வெயில்ல வந்தவங்க குடையை மறப்பாங்களாக்கா?" என்றான் பிரபு.

"மறக்கணும்னா மறப்பாங்க."

அவன் பித்தளைப் பெட்டியை மூடி, பெரியவரின் பையில் வைத்து, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "வா நைனா, மணல்ல பார்த்து நட" என்று கையைக் கொடுத்தான்.

◆

மூன்றாவது மாடியில் கதவு விரியத் திறந்திருந்தது.

மதியம் சங்கிலி போட்டிருந்த கதவு. இப்போது இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. தேவானை வாசற்படியில் நின்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தத்துக்கு முகம் நிமிர்ந்தது. வந்தவள் மணிமொழி என்று தெரிந்ததும் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று அணைந்தது.

"குடையை விட்டுட்டுப் போயிட்டேன்."

"தெரியும். மூலையில கீது. உள்ள வா."

தேவானை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மடியில் போன் இருந்தது. திரையில் பித்தளைப் பெட்டியும் நிழலும்.

"படம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. அவரு வந்துதான் படிக்கணும்."

மணிமொழி சுவரருகே போனாள். நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்து, நுனியைக் கட்டை விரலில் வைத்துப் பார்த்தாள்.

"பென்சில் நல்லாத்தானே இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே கீழே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. தேவானை எழுந்து எட்டிப் பார்த்தாள். பிரபு பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தாரணி, முகம் வீங்கி.

"அவளுக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றாள் தேவானை மெல்ல.

மணிமொழி பென்சிலை விட்டுவிட்டாள். அது சுவரில் இரண்டு முறை தட்டி நின்றது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மேனேஜரு வேலை பார்க்கறவங்க ஒரு மேப்பை அவ்ளோ நேரம் பார்க்க மாட்டாங்கன்னு மத்தியானமே நெனைச்சேன்." தேவானை மறுபடி உட்கார்ந்தாள். நெஞ்சின் தழும்பு மேல் கை போனது. "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ அவரு மூஞ்சியைப் பார்த்தேன். அப்போ பாதி தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து மொத படத்தைப் பார்த்தேன். மீதி தெரிஞ்சுது."

"ஏன் கேட்கல?"

"கேட்டா அவரு அழுவாரு. நான் பார்த்து அவரு அழுததேயில்ல. எனக்குத் தெரியாம பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து வுட்டுட்டு அழுவறாரு. வாரம் ஆறு நாளு பேச்சே கெடையாதும்மா அந்த மனுசனுக்கு. ஞாயித்துக்கிழமைதான் குளிச்சு, சட்டை மாட்டிக்கினு, சாமி கும்பிடற மாதிரி கெளம்பறாரு. திரும்பி வந்து படிச்சுக் காட்டறப்போ செந்திலு மாதிரியே பேசிக் காட்டுவாரு. அத்தையும் புடுங்கிட்டா அவரு இருக்க மாட்டாரு."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது. முதல் மாடி. பெரியவரின் மூச்சு வாங்கும் சத்தம். தாரணி ஏதோ சொல்லித் தேற்றுவது கேட்டது.

"அவங்க இப்போ உங்ககிட்ட சொல்லத்தான் வர்றாங்க" என்றாள் மணிமொழி. "நான் என்ன செய்யணும்? சொல்லுங்கம்மா."

தேவானை அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரைபடத்தின் ஓரத்தில் இருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு மணிமொழியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, படியேறி வருகிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்னு அவராண்ட சொல்லிடாத, படமும் வந்துக்கினே இருக்கட்டும், ஆனா அந்த வளையத்தை மட்டும் வேற எந்த நம்பர்லயாவது வைக்கச் சொல்லும்மா; பதிமூணுன்னா புள்ள ஊட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம், ஒவ்வொரு வாட்டியும் நான் எழுந்து போய்க் கதவைத் தொறந்துடறேன்."